எட்ஜ் கம்ப்யூட்டிங் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் செயல்திறன், வளப் பங்கீடு, எட்ஜ் கம்ப்யூட்டிங் (கணக்கீட்டைத் தொலைவிலுள்ள மையத்துக்கு அனுப்பாமல் பயனருக்கு அருகிலேயே செய்வது) ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்டத்துக்கோ இறங்க நினைக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வு தெரியத்தான் செய்யும். எட்ஜைப் பற்றி எழுதுகிறவர்கள் தூரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வேலைகள் காத்து நிற்கும் வரிசையைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இந்தத் துறையில் உண்மையில் என்னதான் ஆராய்கிறார்கள்?

ஒரு வளம் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் பலர். யார் எப்போது கேட்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும், யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வாங்கி வைத்தால் போதும் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் முழுத் துறையும் நடக்கிறது. வளம் என்பது கம்பியின் பேண்ட்விட்த்தாக (விநாடிக்கு எவ்வளவு தரவு செல்லும் என்ற அளவு) இருக்கலாம், வைஃபையின் அலைநேரமாக (ஒரு கருவி அலைவரிசையைப் பிடித்துவைத்திருக்கும் நேரம்) இருக்கலாம், சர்வரின் சிபியு, நினைவகம், ஜிபியு என எதுவாகவும் இருக்கலாம்.

கேள்விகள் புதியவை அல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் தமது முதல் கட்டுரையை 1909இல் வெளியிட்டார். இத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்று கணக்கிடும் சூத்திரத்தை 1917இல் தந்தார். ஒரு எட்ஜ் தளத்தில் எத்தனை சர்வர்களை வைப்பது என்று இன்று கேட்டாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதிக வேக இணைப்பு வாங்கினால் தாமதம் தானாகக் குறைந்துவிடாதா?

ஒரு பகுதிதான் குறையும். தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகிறது. ஒரு பாக்கெட்டின் தாமதத்தில் நான்கு கூறுகள் உண்டு: அதைக் கம்பியில் ஏற்ற ஆகும் நேரம், கம்பியில் அது பயணிக்கும் நேரம், வழியில் உள்ள ரவுட்டர் அதைப் பார்த்துத் திசை முடிவு செய்யும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம். அதிக பேண்ட்விட்த் முதலாவதைக் குறைக்கும். நெரிசல் இருந்தால் நான்காவதையும் ஓரளவு குறைக்கும். இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவிநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போக 16, வர 16, ஆக 32 மில்லிவிநாடி. எவ்வளவு பணம் கட்டினாலும் அந்தக் கேபிளில் இதற்குக் கீழே இறங்க வழியில்லை.

தாமதம் வேகத்தையும் பதம் பார்க்கும். இணையத்தில் தரவு தொலையாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் விதிமுறையான டிசிபியின் பழைய வடிவத்தில், மறுமுனையிலிருந்து ஒப்புதல் வருவதற்குள் அதிகபட்சம் 65,535 பைட் வரைதான் அனுப்பி வைக்கலாம். இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்வர 200 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஐந்து சுற்று. கணக்குப் போட்டால் 2.6 எம்பிபிஎஸ். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தாலும் அதே 2.6தான். இந்த வரம்பைத் தளர்த்தும் நீட்டிப்பு 1992இல் வந்துவிட்டது. ஆனால் தூரம் கூடக் கூட, வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பழைய வேகத்துக்குத் திரும்ப ஆகும் நேரமும் கூடுகிறது. அந்தத் தொல்லை இன்னும் தீரவில்லை.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிகழ்தகவு நன்றாகத் தெரிய வேண்டும். மற்றவற்றைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் கைவசம் இருந்தால் போதும்.

முதலாவது, ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே செலவிடும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். வருகை எந்த வகையில் இருந்தாலும் இது பொருந்தும் என்பதுதான் இதன் அருமை. சிமுலேஷன் முடிவுகளை எடுத்துக்கொண்டு இந்த விதிக்கு அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, எம்/எம்/1 என்ற எளிய மாதிரி. ஒரே சர்வர், தற்செயலான வருகை, தற்செயலான வேலை அளவு. ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைச் சர்வரின் ஓய்வுப் பங்கால் வகுத்தால், வந்தவர் மொத்தம் செலவிடும் சராசரி நேரம் வரும். சர்வர் 50 சதவீதம் வேலையில் இருந்தால் காலம் இரண்டு மடங்கு. 90 சதவீதத்தில் பத்து மடங்கு. 99 சதவீதத்தில் நூறு மடங்கு. சுமை கொஞ்சம்தானே கூடியது, ஏன் எல்லாம் முடங்கியது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

உண்மையான இணையப் போக்குவரத்து இந்த மாதிரியைவிட மோசமானது என்பதையும் மறக்கக் கூடாது. பெல்கோர் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆய்வகத்தின் ஈதர்நெட்டில் (அலுவலகக் கம்பி நெட்வொர்க்கில்) எடுத்த அளவீடுகளை வைத்து 1993இல் வெளியான ஆய்வு, நெரிசல் அலைகள் எந்தக் கால அளவில் பார்த்தாலும் சமன்படுவதில்லை என்று காட்டியது. ஆகவே எளிய சூத்திரம் ஒரு வேலை ‘பத்து மடங்கு’ காத்திருக்கும் என்று சொன்னால், நடைமுறையில் அது அதைவிட அதிகமாகவே காத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எட்ஜ் என்று எதைச் சொல்கிறார்கள்? அது எங்கே இருக்கிறது?

சொல்பவரைப் பொறுத்தது. மொபைல் நிறுவனத்துக்கு அது கோபுரத்துக்கு அருகிலுள்ள தொலைபேசி நிலையம். தொழிற்சாலைக்காரருக்குக் கூடத்தின் மூலையில் நிற்கும் ஒரு சர்வர் அலமாரி. வீடியோ நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சேமிப்புச் சர்வர். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மூத்தது: 1998இல் தொடங்கிய அகமாய், வலைப்பக்கங்களைப் பயனருக்கு அருகே பிரதி எடுத்து வைப்பதையே தொழிலாக்கியது. ஆனால் தொடக்கத்தில் அங்கே இருந்தது பிரதிதான்; கணக்கீடு இல்லை.

கணக்கீட்டையே அருகில் கொண்டுவர வேண்டும் என்று தெளிவாக வாதிட்ட கட்டுரை 2009இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலையும் முதுநிலையும் படித்தவர். கைபேசியில் ஓடாத கனமான வேலையை இடையில் வேறு ரவுட்டர்கள் இல்லாமல் ஒரே தாவலில் எட்டக்கூடிய சிறு சர்வருக்குத் தள்ளுவது அவர் யோசனை. அதற்கு ‘கிளவுட்லெட்’ என்று பெயர் வைத்தார்கள். 2012இல் சிஸ்கோ ஆய்வாளர்கள் ‘ஃபாக் கம்ப்யூட்டிங்’ என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். 2014இல் ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி மொபைல் எட்ஜுக்கெனக் குழு அமைத்தது. பெயர்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளைப் பற்றி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் போதும்.

அருகில் வைத்தால் வேகமாகத்தானே இருக்கும்? இதில் ஆராய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து ஊர்கள், ஊருக்கு ஓர் எட்ஜ் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய்வர 5 மில்லிவிநாடி. மாற்றாக, அதே ஐந்து சர்வர்களையும் தொலைவிலுள்ள ஒரு கிளவுட் மையத்தில் ஒன்றாக வைக்கலாம். அங்கே போய்வர 40 மில்லிவிநாடி. இரண்டு இடத்திலும் ஒரு வேலைக்குச் சராசரியாக 20 மில்லிவிநாடி ஆகிறது. ஐந்து ஊர்களிலும் சுமை சமம். எது வேகம்?

சர்வர்கள் 50 சதவீதம் வேலையில் இருக்கும்போது எட்ஜில் மொத்தம் 45 மில்லிவிநாடி, கிளவுடில் 61. எட்ஜுக்குத்தான் வெற்றி. 60 சதவீதத்தில் 55க்கு 62, இன்னும் எட்ஜ்தான். 70 சதவீதத்தில் எட்ஜ் 72, கிளவுட் 65. நிலைமை மாறிவிட்டது. 90 சதவீதத்தில் எட்ஜ் 205, கிளவுட் ஏறத்தாழ 90. எட்டு மடங்கு அருகில் இருக்கும் சர்வர் இரண்டு மடங்குக்கு மேல் தாமதமாகப் பதில் சொல்கிறது.

காரணத்தை எந்த ரயில் நிலையத்திலும் பார்க்கலாம். ஐந்து டிக்கெட் கவுண்ட்டருக்கு ஐந்து தனி வரிசை இருந்தால், ஒரு வரிசையில் பத்துப் பேர் நிற்க, பக்கத்துக் கவுண்ட்டர்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரே வரிசையாக நின்று, காலியாகும் கவுண்ட்டருக்கு அடுத்தவர் போனால் யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளவுட் அந்த ஒற்றை வரிசை. எட்ஜ் வரிசையை ஐந்தாக உடைக்கிறது. அப்படி உடைத்ததற்கான விலை சுமை ஏறும்போதுதான் தெரிகிறது.

மேலே போட்ட கணக்கு எட்ஜுக்குச் சாதகமானது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் சுமை சமம் என்று எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் ஓர் ஊரில் திருவிழா, இன்னோர் ஊரில் மின்வெட்டு. ஒரு தளம் 95 சதவீதத்துக்குப் போனால் அங்கே மட்டும் 400 மில்லிவிநாடி தாண்டும். மற்ற நான்கும் ஓய்வாக இருந்தாலும் அதற்கு உதவி இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் ஷெனாய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் இதே தலைகீழ் மாற்றத்தைக் கணிதமாகவும் சோதனையாகவும் காட்டினார்கள்.

கூடுதல் சர்வர்களை வைத்து இதைச் சமாளிக்கலாம். எவ்வளவு கூடுதல்? திடீர் நெரிசலைத் தாங்க வைக்கும் உபரி, சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்பது பழைய தொலைபேசிக் காலத்து விதி. ஒரே சுமையை 25 தளங்களாகப் பிரித்தால், மொத்த உபரி 5 மடங்கு தேவைப்படும். எட்ஜ் திட்டங்களின் செலவுக் கணக்கில் இந்த ஐந்து மடங்கைக் காண்பது அரிது.

இன்னொரு வழி, வரிசை நீண்டால் வேலையைப் பக்கத்துத் தளத்துக்கோ கிளவுடுக்கோ தள்ளுவது. எப்போது தள்ளுவது, எங்கே தள்ளுவது, பக்கத்துத் தளத்தின் நிலைமை பழைய தகவலாக இருந்தால் என்ன செய்வது? வளப் பங்கீட்டு ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் எட்ஜ் தேவையே இல்லையா?

தேவைதான். ஆனால் தேவைக்கான காரணம் பலசமயம் தாமதம் அல்ல. சத்யநாராயணனே 2017இல் எழுதியபோது நான்கு காரணங்களைச் சொன்னார்: விரைவான பதில், மேலே அனுப்ப வேண்டிய தரவைக் குறைத்தல், தனியுரிமையை வாசலிலேயே காத்தல், கிளவுட் எட்டாதபோதும் வேலை நடத்தல். இரண்டாவதை நான் முதலில் வைப்பேன். 500 கண்காணிப்பு கேமராக்கள், ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால், இரவு பகலாக 2 ஜிபிபிஎஸ் மேலே போக வேண்டும். காட்சியை அங்கேயே அலசி, ‘வண்டி எதிர்த்திசையில் வந்தது’ என்ற குறிப்பை மட்டும் அனுப்பினால் ஒரு சாதாரண இணைப்பு போதும். 40 மில்லிவிநாடியா, 5 மில்லிவிநாடியா என்பது இங்கே பொருட்டே இல்லை.

தாமதமே உயிர் என்று சொல்லக்கூடிய பயன்பாடுகள் குறைவு. கண்ணில் அணியும் கருவியில் காட்சியோடு ஒட்டி எழுத்து காட்டுவது, இயந்திரக் கையின் ஒவ்வோர் அசைவையும் அளந்து உடனுக்குடன் திருத்திக் கட்டுப்படுத்துவது போன்றவை அப்படிப்பட்டவை. உங்கள் ஆய்வின் முதல் பத்தியில் ஸ்மார்ட் நகரம், தொலை அறுவைச் சிகிச்சை, தானியங்கி கார் ஆகிய மூன்றும் வரிசையாக வந்தால் அதை அழித்துவிட்டு உங்கள் பயன்பாடு எது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.

5ஜி வந்துவிட்டதே, 1 மில்லிவிநாடி கிடைக்காதா?

அந்த 1 மில்லிவிநாடி, அதிநம்பகப் பயன்பாடுகளுக்கென 5ஜி தரநிலை நிர்ணயித்த இலக்கு. அதுவும் ரேடியோப் பகுதிக்கு மட்டும். சாதாரண மொபைல் பிராட்பேண்டுக்கு வைத்த இலக்கு 4 மில்லிவிநாடி. கோபுரத்துக்குப் பின்னால் உள்ள கம்பி, மைய நெட்வொர்க், சர்வர், வரிசை எதுவும் அதில் சேராது.

நியாயமான பங்கீடு என்றால் எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதுதானே?

எதைச் சமமாக என்று கேட்ட உடனே சிக்கல் தொடங்கும்.

இரண்டு இணைப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 எம்பிபிஎஸ். ஒரு நீண்ட தரவு ஓட்டம் இரண்டையும் கடக்கிறது. இரண்டு குறும் ஓட்டங்கள் ஆளுக்கு ஓர் இணைப்பை மட்டும் பயன்படுத்துகின்றன. மூவருக்கும் 5 கொடுத்தால் சமம், மொத்தம் 15. நீண்ட ஓட்டத்தைப் பட்டினி போட்டால் மொத்தம் 20. கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் கெல்லி 1990களின் இறுதியில் முன்வைத்த விகித நியாயத்தின்படி நீண்டதற்கு 3.33, குறும் ஓட்டங்களுக்கு ஆளுக்கு 6.67; மொத்தம் ஏறத்தாழ 16.7. இரண்டு இணைப்புகளைச் செலவழிப்பவர் கொஞ்சம் குறைவாகப் பெறுகிறார். எது நியாயம் என்று கணிதம் சொல்லாது. நீங்கள் எதை நியாயம் என்று தேர்ந்தீர்களோ அதன் விளைவை மட்டும் சொல்லும்.

வைஃபையில் இது கண்ணெதிரே நடக்கும். ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று முறை வைத்தால், தொலைவில் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் ஒரு லேப்டாப், 11 எம்பிபிஎஸ்ஸில் பேசக்கூடிய மற்ற எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். பாக்கெட்டுக்குப் பதில் அலைநேரத்தைச் சமமாகப் பிரித்தால் தீர்ந்தது. ஆனால் தூரத்தில் இருப்பவர் ‘எனக்கு அநியாயம்’ என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

எட்ஜ் சர்வரில் வளம் ஒன்றல்ல. ஒருவருக்கு நினைவகம் அதிகம் வேண்டும், இன்னொருவருக்கு சிபியு. 2011இல் பெர்க்லி ஆய்வாளர்கள் தந்த விதி அழகானது: ஒவ்வொருவரும் எந்த வளத்தில் அதிகப் பங்கு எடுக்கிறாரோ, அந்தப் பங்கைச் சமப்படுத்து. 9 சிபியு, 18 ஜிபி உள்ள இடத்தில், ஒருவரின் வேலைக்கு 1 சிபியு, 4 ஜிபி. மற்றவருக்கு 3 சிபியு, 1 ஜிபி. முதலாமவருக்கு 3 வேலைகள், அடுத்தவருக்கு 2 வேலைகள் கிடைக்கும். முதலாமவர் நினைவகத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மற்றவர் சிபியுவில் மூன்றில் இரண்டு பங்கு. கூடுதல் தேவை இருப்பதாகப் பொய் சொல்லி யாரும் இதில் லாபம் பார்க்க முடியாது.

ஜெயின் நியாயக் குறியீடு 0.99 வந்தால் போதும்தானே?

போதாது. பங்கீடு எவ்வளவு சமம் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் குறியீடு அது; எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 1. 1984இல் ராஜ் ஜெயினும் உடன் பணியாற்றியவர்களும் தந்த அந்தக் குறியீட்டில், 100 பேரில் 99 பேருக்குச் சமமாகக் கொடுத்து ஒருவருக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் மதிப்பு 0.99 வரும். குறியீட்டின் பக்கத்தில், மிகக் குறைவாகப் பெற்றவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

நெரிசலை டிசிபி பார்த்துக்கொள்கிறதே, அது முடிந்துபோன ஆராய்ச்சி இல்லையா?

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து விநாடிக்கு 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 400 கெஜம். வேகம் குறைந்த உடனே எல்லாரும் பாக்கெட்டுகளை மீண்டும் மீண்டும் அனுப்ப, நெட்வொர்க் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. வான் ஜேக்கப்சன் 1988இல் தந்த தீர்வு, பாக்கெட் தொலைவதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கச் சொன்னது. இணையம் பிழைத்தது.

பிறகு நினைவகம் மலிவானது. தொலைப்பதைத் தவிர்ப்போம் என்று ரவுட்டர் செய்பவர்கள் பெரிய பஃபர்களை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) வைத்தார்கள். அறிகுறியே வராமல் போய்விட்டது. 2 எம்பிபிஎஸ் பதிவேற்ற இணைப்பில் 1 எம்பி பஃபர் நிரம்பினால் அதன் பின்னால் நிற்கும் பாக்கெட்டுக்கு 4 விநாடித் தாமதம். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டுச் சண்டை பிடித்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைத் தந்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பது அதன் நுட்பம்: 100 மில்லிவிநாடி முழுவதும் காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கு. இதே குடும்பத்தைச் சேர்ந்த எஃப்க்யூ-பை என்ற முறையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் கொண்டுசென்றது சூரத்கல் என்.ஐ.டி. குழு, அது 2020இல் வந்த 5.6 பதிப்பில் இடம்பெற்றது. இந்தியக் கல்லூரியிலிருந்து செய்த வேலை உலகெங்கும் ஓடும் கெர்னலில் சேர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2016இல் கூகுள் பிபிஆர் என்ற முறையைக் கொண்டுவந்து, தொலைவதைக் கவனிக்காமல் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து ஓட்டத் தொடங்கியது. பழைய முறைகளோடு ஒரே கம்பியில் ஓடும்போது அது நியாயமாக நடந்துகொள்கிறதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆக, முடிந்துபோகவில்லை.

வீட்டிலிருந்தே இதில் எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு திரையில் பிங் (ஒரு சிறு பாக்கெட் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடட்டும். இன்னொன்றில் ஒரு பெரிய வீடியோ கோப்பைப் பதிவேற்றத் தொடங்குங்கள். 20 மில்லிவிநாடியில் வந்துகொண்டிருந்த பதில் பல நூறுகளுக்கு ஏறினால், உங்கள் மோடத்துக்குள் ஒரு வரிசை வீங்கிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர் இருந்தால், அதில் வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வரையறுத்துவிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். எண்கள் இறங்கிவிடும். பத்து சதவீதத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்: வரிசை மோடத்துக்குள் உருவாகாமல், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டருக்குள் உருவாக வேண்டும் என்பதற்காக. இடையூறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பங்கீடு செய்ய முடியும்.

எந்த சிமுலேட்டரைப் பயன்படுத்துவது?

பாக்கெட் அளவில் நெரிசல், வைஃபை, மொபைல் என்றால் என்எஸ்-3. உண்மையான லினக்ஸ் நெறிமுறைகளை ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்க மினிநெட். எட்ஜ் தளங்களில் வேலைகளை எங்கே வைப்பது என்ற அளவிலான கேள்விக்கு ஐஃபாக்சிம் அல்லது எட்ஜ்கிளவுட்சிம். கடைசி இரண்டிலும் நெட்வொர்க் மிக எளிமையாக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தே பயன்படுத்துங்கள். அதில் கிடைத்த 3 சதவீத முன்னேற்றத்தை மாதிரியின் எளிமையே விழுங்கிவிடலாம். ஒரே சர்வர், ஒரே வரிசை என்று வைத்து ஓட்டி, எம்/எம்/1 சூத்திரம் சொல்லும் எண் வருகிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சராசரித் தாமதத்தைக் குறைத்துக் காட்டினால் போதாதா?

பயனர் சராசரியை அனுபவிப்பதில்லை. ஒரு கோரிக்கை 100 சர்வர்களிடம் பிரிந்துபோய், எல்லோரும் பதில் சொன்ன பிறகே முடிகிறது என்று வைப்போம். ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு முறை மட்டுமே மந்தமாகிறது. அப்படியும் 63 சதவீதக் கோரிக்கைகள் மந்தமாகத்தான் முடியும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் போட்டுக்காட்டிய கணக்கு இது. அவர்கள் தந்த மருந்தும் எளிது: 10 மில்லிவிநாடிக்குள் பதில் வராவிட்டால் அதே கேள்வியை இன்னொரு பிரதிக்கும் அனுப்பு. ஆயிரத்தில் ஒரு முறை நேரும் மோசமான தாமதம் 1,800 மில்லிவிநாடியிலிருந்து 74க்கு இறங்கியது. கூடுதலாக அனுப்பிய கோரிக்கைகள் 2 சதவீதம்தான். ஆனால் எட்ஜில் இந்த மருந்து எளிதாகப் பலிக்காது, ஏனென்றால் பக்கத்தில் இன்னொரு பிரதி இருப்பதே அரிது. அங்கே நல்ல ஆராய்ச்சிக் கேள்வி ஒன்று காத்திருக்கிறது.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் இல்லாமல் இப்போது கட்டுரை ஏற்கப்படுமா?

ஏற்கப்படும். கேள்வி சரியாக இருந்தால்.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்பது செய்து பார்த்து, கிடைக்கும் பலனிலிருந்து கணினி தானே முடிவெடுக்கக் கற்பது. இத்தகைய கற்றல் முறைகளுக்கு நான் எதிரி அல்ல. சுமையின் போக்கு தெரியாத இடத்தில், மாதிரி எழுத முடியாத இடத்தில் அவை உதவும். என் புகார் ஒப்பீட்டைப் பற்றியது. புதிய முறையை ‘தற்செயலாகத் தேர்ந்தெடு’, ‘எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பு’ என்ற இரண்டு சோனிப் பயில்வான்களோடு மோதவிட்டு வெற்றி விழா கொண்டாடுகிறார்கள். இரண்டு சர்வர்களைத் தற்செயலாக எடுத்து, வரிசை குறைவாக உள்ளதற்கு அனுப்பும் முறை 1990களிலிருந்தே இருக்கிறது. அதை நான்கு வரியில் எழுதிவிடலாம். அதோடு ஒப்பிட்டீர்களா? 1992இல் தாசியுலாஸும் எஃப்ரெமிடெஸும் தொடங்கிவைத்த, வரிசை நீளத்தையே எடையாகக் கொள்ளும் முறைகள் எதிர்காலத்தைக் கணிக்காமலே உத்தரவாதம் தருகின்றன. அவற்றோடு? இந்த இரண்டையும் தாண்டிய பிறகு நியூரல் நெட்வொர்க்கை இறக்குங்கள். பயிற்சி எடுத்த சுமை ஒன்றாகவும் சோதித்த சுமை வேறாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது அதன் நினைவாற்றலை.

முதல் ஆறு மாதங்களுக்கு ஏற்ற தலைப்பு ஏதாவது சொல்ல முடியுமா?

மேலே போட்ட ஐந்து ஊர்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமையைச் சமமற்றதாக்குங்கள். பக்கத்துத் தளத்துக்குத் தள்ளும் வசதியைச் சேர்த்து, அதன் நிலைமை பற்றிய தகவல் அரை விநாடி பழையதாக வரும்படி வையுங்கள். எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் ஓய்வான தளத்தைக் கண்டு அங்கேயே பாய்ந்து அதை மூழ்கடிப்பதைப் பார்ப்பீர்கள். தகவல் எவ்வளவு பழையதானால் தள்ளாமல் இருப்பதே மேல் என்ற எல்லையைக் கண்டுபிடியுங்கள். பெரிய சர்வரோ ஜிபியுவோ தேவையில்லை. லேப்டாப்பில் பைத்தான் போதும். பிறகு வேலை அளவுகளில் சில மட்டும் மிகப் பெரியதாக இருந்தால் அந்த எல்லை எங்கே நகர்கிறது என்று பாருங்கள்.